எழுபது கிலோ மனிதனும் எங்கட பெரியம்மாவும்

எங்களில் ஒருவரின் பெரியம்மாவுக்கு மார்புப் புற்றுநோய் வந்து சத்திரசிகிச்சை நடந்தது. ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் முதுகில் விடாத நோ. நோய் என்புக்குப் பரவியிருக்குமோ எண்டு பார்க்க, 'போன் ஸ்கான்' எடுக்கச் சொல்லி டொக்டர் எழுதிக் கொடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் ஏறி, விடியக் கொழும்பில் இறங்கி, ஒரு ஆஸ்பத்திரியின் நீள விறாந்தையில் இடம் பிடித்து இருந்தோம்.

கையில் ஒரு ஊசி. பிறகு மூன்று மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். நிறையத் தண்ணி குடியுங்கோ, அடிக்கடி பாத்ரூம் போங்கோ, இண்டைக்கு முழுக்கப் பேத்தியைத் தூக்கி வைச்சிருக்க வேண்டாம். பெரியம்மா ஓய்வுபெற்ற கணித ரீச்சர். ஊசி போட்ட பொடியனைப் பார்த்துக் கேட்டா: "தம்பி, இப்ப எனக்குள்ள எவ்வளவு கதிர் போயிருக்கு?"

"பயப்பிடாதைங்கோ அம்மா, கொஞ்சம்தான்."

"கொஞ்சம் எண்டால்?"

அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பொடியனைக் குறை சொல்லவும் ஏலாது. வாசலில் இன்னும் இருபது பேர் நின்றார்கள். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் பெரியம்மா அதையே நினைத்துக்கொண்டு இருந்தா. கையில் இருந்த துண்டில் 'தெக்னீசியம் 99எம், எம்டிபி, 20 மில்லி கியூரி' எண்டு இருந்தது. "இதுதானே அளவு?" எண்டு எங்களிடம் நீட்டினா.

இல்லை. அது ஊசிக்குள் இருந்த மருந்தின் கதிர்த்தொழிற்பாடு. இப்போதைய அலகில் 740 மெகா பெக்கரல். அதாவது ஊசி ஏறிய அந்தக் கணத்தில் செக்கனுக்கு 74 கோடி அணுக்கள் தேய்ந்துகொண்டிருந்தன. பெரியம்மா கேட்டது வேறு. அந்தத் தேய்வுகள் எல்லாம் சேர்ந்து அவவின் உடம்பில் எவ்வளவு சக்தியை இறக்கிவிட்டுப் போயின என்பதைத்தான் அவ கேட்டா. ஒரு கிலோகிராம் இழையத்தில் ஒரு யூல் சக்தி இறங்கினால் அது ஒரு கிறே. டோஸ் எண்டு சொல்வது இதைத்தான்.

எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து வருகிறது. பட்டனை விட்டால் நின்றுவிடும், எவ்வளவு வந்தது எண்டு மெசினிடமே கேட்கலாம். இங்கே கதிரின் ஊற்று உடம்புக்குள்ளேயே இருக்கிறது. இரத்தத்தோடு ஓடுகிறது, ஒரு பெரும் பங்கு என்பில் ஒட்டுகிறது, மிச்சம் சிறுநீரகத்தால் வடிந்து சிறுநீர்ப்பையில் சேர்கிறது. ஒவ்வொரு உறுப்புக்குள்ளும் மீற்றர் வைத்து அளக்க ஏலாது. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்படியெண்டால் அந்தக் கணக்கை யார் போட்டார்கள், யாருடைய உடம்பை வைத்துப் போட்டார்கள்? இந்தக் கேள்வியோடு சில வாரம் வாசித்தோம். நினைத்ததைவிட நீளமான கதை.

கதையின் தொடக்கத்தில் ஒரு போர்டிங் சாப்பாடு இருக்கிறது. 1911 அளவில் மன்செஸ்டரில் ரதர்ஃபோர்டின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஹங்கேரிய இளைஞர் ஜோர்ஜ் டி ஹெவசி, தான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா முந்தைய நாள் மிஞ்சின இறைச்சியைத்தான் திரும்பத் திரும்பப் பரிமாறுகிறா எண்டு சந்தேகப்பட்டார். தட்டில் மிச்சம் விட்ட உணவில் கொஞ்சம் கதிரியக்கப் பொருளைப் போட்டுவிட்டு, சில நாள் கழித்து வந்த சாப்பாட்டைக் கருவி வைத்துச் சோதித்தார். கருவி காட்டிக் கொடுத்துவிட்டது. இது பலரும் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைதான். ஆனால் மிகச் சிறு அளவு கதிரியக்கப் பொருளைச் சேர்த்துவிட்டு அது எங்கே போகிறது எண்டு வெளியில் நின்று பின்தொடரும் உத்தி உண்மையில் அவருடையது. 1923இல் அவரைச் செடிகளின் வேர் ஈயத்தை எப்படி உறிஞ்சுகிறது எண்டு இதே வழியில் பார்த்தார். 1935இல் எலிகளுக்குக் கதிரியக்கப் பொசுபரசு கொடுத்து, என்பு எண்டது கல் மாதிரிக் கிடக்கும் பொருள் இல்லை, ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது எண்டு காட்டினார். பெரியம்மாவின் என்பில் தெக்னீசியம் ஒட்டுவதும் அந்தப் புதுப்பிப்பு நடக்கும் இடங்களில்தான்.

இடையில் எங்கட ஊர்ப் பெயர் ஒன்றும் வருகிறது. ஹெவசி அவரைச் செடிக்குப் பாவித்தது 'தோரியம் பி' எனப்பட்ட ஈயச் சமதானி. தோரியம் குடும்பத்தின் முக்கியமான ஓர் உறுப்பினரான ரேடியோதோரியத்தை 1905இல் லண்டனில் கண்டுபிடித்தவர் ஒட்டோ ஹான். அவர் கையில் இருந்த கனியம் இலங்கையிலிருந்து போன தோரியனைற்று. அந்தக் கனியத்தை 1904இல் இங்கே இனங்கண்டவர், அப்போது இலங்கைக் கனிமவியல் அளவைக்குப் பொறுப்பாயிருந்த ஆனந்த குமாரசுவாமி. ஆம், நடராசர் சிலையைப் பற்றி எழுதிய அதே குமாரசுவாமிதான். கலை வரலாற்றாளராக மட்டும் அவரைப் படித்த எங்களுக்கு இது புதுச் செய்தி.

1920களில் பொஸ்டனில் ஹேர்மன் பிளம்காட் எண்ட வைத்தியர், ரேடியத்தின் வழித்தோன்றல் ஒன்றை ஆட்களின் ஒரு கையில் ஊசியால் ஏற்றி, மற்றக் கையில் கருவி வைத்து, இரத்தம் சுற்றி வர எடுக்கும் நேரத்தை அளந்தார். அணு மருத்துவப் பரிசோதனை மனித உடம்பில் தொடங்குவது இங்கேதான். எங்கே போகிறது, எத்தனை செக்கனில் போகிறது என்பதுதான் அன்றைக்குக் கேள்வி. போகிற வழியில் உடம்புக்கு எவ்வளவு கொடுத்துவிட்டுப் போகிறது எண்டு கணக்கிடும் முறை இன்னும் பிறக்கவில்லை.

அதைக் கேட்க வைத்தது ஆஸ்பத்திரி இல்லை, தொழிற்சாலை. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஒறேஞ்ச் எண்ட ஊரில், இருட்டில் ஒளிரும் மணிக்கூட்டு முகப்புகளுக்கு ரேடியம் கலந்த மை பூசும் வேலை. செய்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள், சிலருக்குப் பதினாறு பதினேழு வயது. தூரிகையின் நுனி கூராக இருக்க வேண்டும் எண்டு அதை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு முறை வாயில். ரேடியம் இரசாயனத்தில் கல்சியத்தின் ஒன்றுவிட்ட சகோதரம். உடம்பு அதைக் கல்சியம் எண்டு நம்பி என்பில் சேர்த்து வைத்தது. பல் உதிர்ந்தது, தாடை என்பு அழுகியது, பிறகு என்புப் புற்றுநோய். 1925இல் ஹரிசன் மார்ட்லண்ட் எண்ட வைத்தியர் இதற்குக் காரணம் ரேடியம்தான் எண்டு நிறுவினார். வழக்குப் போட்ட ஐந்து பெண்களுக்கு 1928இல் ஆளுக்குப் பத்தாயிரம் டொலரும் வருடப் பணமும் எண்டு சமரசம் ஆனது. வழக்கு முடியுமுன் அவர்கள் செத்துவிடுவார்கள் எண்டு எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எங்கட கதைக்கு முக்கியமானது அதன் பிறகு நடந்தது. எம்.ஐ.டி.யில் இருந்த றொப்லி எவன்ஸ் எண்ட பௌதிகவியலாளர், உயிரோடு இருந்த இந்தப் பெண்களையும் வேறு வழிகளில் ரேடியம் உட்கொண்டவர்களையும் தேடிப் பிடித்தார். உடம்பிலிருந்து வெளியே வரும் காமாக் கதிரையும் மூச்சில் வரும் ரேடன் வாயுவையும் அளந்து, உள்ளே எவ்வளவு ரேடியம் மிஞ்சியிருக்கிறது எண்டு கணித்தார். 1941இல் அமெரிக்காவில் ஒரு எல்லை வகுக்கப்பட்டது: ஒரு தொழிலாளியின் உடம்பில் 0.1 மைக்கிரோ கிராம் ரேடியத்துக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே போன கதிரியக்கத்துக்கு மனிதர் வகுத்த முதல் அளவுகோல்களில் ஒன்று இது. மணிக்கூட்டுக்கு மை பூசிய பெண்களின் என்புகளிலிருந்து எடுத்த எண்.

அதே 1941இல், மார்ச் மாதக் கடைசி நாளில், பொஸ்டனில் சோல் ஹேட்ஸ் எண்ட வைத்தியர் அளவுக்கு மீறி வேலை செய்யும் தைரொயிட் சுரப்பி உள்ள ஒருவருக்குக் கதிரியக்க அயடீனைக் குடிக்கக் கொடுத்தார். தைரொயிட் அயடீனை இழுத்து எடுக்கும், ஆகவே கதிரும் அங்கேயே போய்ச் சேரும். இப்போது டோஸ் தெரியாமல் ஏலாது. குறைந்தால் வருத்தம் மாறாது, கூடினால் சுரப்பியே அழிந்துவிடும்.

அந்தக் கணக்கைப் போட்டவர்களில் ஒருவரை நாங்கள் இதுவரை கேள்விப்படாதது வெட்கம்தான்: எடித் குவிம்பி. 1919இல் நியூயோர்க்கின் மெமோரியல் ஆஸ்பத்திரியில் பௌதிகவியலாளராகச் சேர்ந்தவர். பெண்கள் ஆய்வுகூடத்துக்குள் வருவதே அதிசயமாயிருந்த காலம். அவரும் லியோனிடஸ் மரினெல்லியும் ஜெரால்ட் ஹைனும் 1948இல் எழுதிய கட்டுரைதான், உடம்புக்குள் போன சமதானியின் டோஸைக் கணிக்க ஆஸ்பத்திரிகளுக்குக் கிடைத்த முதல் ஒழுங்கான வழிகாட்டி.

அவர்களின் கணக்கில் இரண்டு மணிக்கூடுகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்று பௌதிகத்தினது: அயடீன் 131 எட்டு நாளில் பாதியாகத் தேயும். மற்றது உடம்பினது: சுரப்பி தான் பிடித்த அயடீனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். இரண்டும் சேர்ந்து ஓடுவதால் உண்மையில் பாதியாகும் நேரம் இரண்டையும் விடக் குறைவு. பௌதிக மணிக்கூடு எல்லோருக்கும் ஒன்றுதான். உடம்பின் மணிக்கூடு ஆளுக்கு ஆள் வேறு. அயடீன் குறைந்த சாப்பாடு சாப்பிடுபவரின் தைரொயிட் கூடுதலாக இழுக்கும். தென்மேற்கு இலங்கையில் ஒரு காலம் கண்டக்கழலை பரவலாக இருந்தது எண்டு உயர்தரத்தில் படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இதனாலேதான் அயடீனுக்கான பிற்கால அட்டவணைகளில் ஒரு எண் இல்லை. சுரப்பி எத்தனை வீதம் இழுக்கிறது என்பதற்கு ஏற்ப வேறு வேறு எண்கள் இருக்கின்றன.

பிறகு தெக்னீசியம் வந்தது. 1937இல் இத்தாலியின் பலேர்மோவில் செக்ரேயும் பெரியரும், அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்த ஒரு மொலிப்டினத் தகட்டுக்குள் கண்டுபிடித்த மூலகம். அதன் 99எம் வடிவத்தின் அரைவாழ்வு ஆறு மணித்தியாலம். காமாக் கதிரைத்தான் பிரதானமாக விடும், இழையத்தைக் கிட்ட நின்று குத்தும் பீற்றாத் துணிக்கை இல்லாத மாதிரித்தான். 1950களின் முடிவில் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில், மொலிப்டினம் 99 இருக்கும் ஒரு குழாய்க்குள் உப்புநீரை ஓடவிட்டு நாளாந்தம் தெக்னீசியத்தை எடுக்கும் உபகரணத்தைச் செய்தார்கள். இந்தத் துறைக்காரர் அதை 'மாடு' எண்டும், காலையில் செய்யும் அந்த வேலையைப் 'பால் கறப்பது' எண்டும் சொல்கிறார்கள். மொலிப்டினம் 66 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும் எண்டபடியால் மாடு சில நாளில் வற்றிவிடும், புது மாடு விமானத்தில் வர வேண்டும்.

வித்தியாசம் எவ்வளவு எண்டு பாருங்கோ. ஒரு மெகா பெக்கரல் அயடீன் 131 சாதாரண தைரொயிட்டுக்கு நூற்றுக்கணக்கான மில்லி கிறே கொடுக்கும். அதே ஒரு மெகா பெக்கரல் தெக்னீசியத்தைப் பேர்தெக்னெற்றேற்றாக ஏற்றினால் தைரொயிட்டுக்கு 0.022 மில்லி கிறே. பத்தாயிரம் மடங்குக்கும் மேல் குறைவு. தைரொயிட்டைப் படம் பிடிக்க மட்டும் அயடீன் 131 கொடுத்த காலம் போனதற்கு இந்த ஒரு எண்ணே போதும்.

படங்கள் பெருகப் பெருக, ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் தன் பாட்டில் கணக்குப் போட்டால் சரிவராது எண்டு ஆனது. 1965இல் அமெரிக்காவின் அணு மருத்துவச் சங்கம் 'மேர்ட்' எண்ட ஒரு குழுவை அமைத்தது. 1968இல் லோவிஞ்சரும் பேர்மனும் எழுதிய அதன் முதல் கையேடு வந்தது. இன்றைக்கும் உலகம் பாவிப்பது அந்த முறையைத்தான்.

அதை ஒரு வீடு மாதிரி நினைத்துப் பாருங்கோ. குசினியில் ஒரு விளக்கு எரிகிறது. குசினிக்குத்தான் கூட வெளிச்சம், ஆனால் கதவு வழியாக விறாந்தைக்கும் கொஞ்சம் போகும், கடைசி அறைக்கு மிகக் கொஞ்சம். ஒவ்வொரு அறைக்கும் வந்த மொத்த வெளிச்சம் தெரிய இரண்டு விசயம் வேண்டும்: எந்த அறையில் விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தது, ஓர் அறை விளக்கின் வெளிச்சத்தில் எத்தனை பங்கு மற்ற அறைக்குப் போகிறது. விளக்கு இருக்கும் அறை ஊற்று உறுப்பு, வெளிச்சம் விழும் அறை இலக்கு உறுப்பு. முதலாவதை உயிரியல் சொல்லும். இரண்டாவதற்கு வீட்டின் வரைபடம் வேண்டும்: எந்த அறை எங்கே, எவ்வளவு பெரிது, நடுவில் எத்தனை சுவர்.

அந்த வரைபடம் யாருடைய வீட்டினது? எங்களுக்கு உண்மையில் சுவாரசியமான இடம் இதுதான்.

1960களில் ஓக் றிட்ஜ் ஆய்வுகூடத்தில் ஃபிஷரும் ஸ்னைடரும் ஒரு மனித உருவைச் சமன்பாடுகளால் கட்டினார்கள். உடல் ஒரு நீள்வட்ட உருளை, அதற்குள்ளேயே கைகளும் அடக்கம். கால்கள் நுனி வெட்டிய கூம்புகள். உறுப்புகளும் நீள்வளையங்கள், வெட்டுத் துண்டுகள். கேத்திரகணித ரீச்சர் கீறிய ஆள் மாதிரி. அந்தக் காலக் கணினிக்கு அதற்கு மேல் தாங்காது. பிறகு மொன்ரே கார்லோ முறை: ஒரு உறுப்புக்குள்ளிருந்து ஒரு காமாத் துணிக்கை புறப்படுகிறது, எந்தத் திசை, எங்கே மோதும், எங்கே சக்தியை விடும் என்பதையெல்லாம் தாயக்கட்டை உருட்டுவது போல் எழுந்தமானமாகத் தீர்மானித்து, இப்படி ஆயிரமாயிரம் துணிக்கைகளைக் கணினிக்குள் ஓடவிட்டுச் சராசரி எடுப்பது. அணுகுண்டு செய்தவர்கள் வளர்த்தெடுத்த உத்தி, சூதாட்ட மண்டபத்தின் பெயர்.

ஆண் பெண் இரண்டுக்கும் அந்த ஒரே உருவம். விதையும் சூலகமும் கருப்பையும் ஒரே உடம்பில் வைத்திருந்தார்கள். ஆனால் மார்பகம் இருக்கவில்லை, அது பிறகுதான் சேர்க்கப்பட்டது. மார்பகத்தில் வருத்தம் வந்து, அதை இழந்து, அதனால் ஸ்கானுக்குப் போன பெரியம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது எண்டு எங்களுக்குள் ஒரு வாக்குவாதமே நடந்தது.

1975இல் சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணைக்குழு தன்னுடைய 23ஆவது வெளியீட்டில் 'மேற்கோள் மனிதன்' யார் எண்டு எழுதி வைத்தது. வயது 20க்கும் 30க்கும் இடையில். எடை 70 கிலோ. உயரம் 170 சென்ரி மீற்றர். வெள்ளையினத்தவன். வாழ்க்கை முறையில் மேற்கு ஐரோப்பியன் அல்லது வட அமெரிக்கன். அவன் வாழும் இடத்தின் சராசரி வெப்பநிலை 10 முதல் 20 பாகை. யாழ்ப்பாணத்து மார்கழிப் பனியிலேயே இந்த ஆளுக்கு வேர்த்து ஊத்தும்.

இதை வாசித்தவுடன் எங்களுக்கு வந்தது கோபம்தான். கொஞ்சம் ஆறிப் பார்த்தால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. உறுப்புகளின் எடையை அறிய வேண்டுமெண்டால் பிரேத பரிசோதனைப் பதிவுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும், அவை எங்கே இருந்தனவோ அங்கிருந்துதான் எடுத்தார்கள். பொது அளவுகோல் ஒன்று இல்லாவிட்டால் ஒரு நாட்டு எண்ணை இன்னொரு நாட்டு எண்ணோடு ஒப்பிடவே ஏலாது. இவ்வளவும் சரி. ஆனால் அளவுகோலாக எடுத்த உடம்பு எது எண்டு அவர்கள் ஒளிக்கவில்லை, எழுதித்தான் வைத்தார்கள். அட்டவணை கை மாறிக் கை மாறி வரும்போது அந்த வரி மட்டும் வழியில் விழுந்துவிட்டது.

திருத்தங்களும் வந்தன. 1982இல் ஜேர்மனியில் 'ஆதாம்', 'ஏவாள்' எண்டு இரண்டு உருக்கள் செய்தார்கள். பைபிளில் மாதிரியே ஏவாள் தனியாகப் பிறக்கவில்லை. முந்தைய இருபால் உருவைச் சுருக்கித்தான் எடுத்தார்கள். 1987இல் ஓக் றிட்ஜில் பிறந்த குழந்தை முதல் பதினைந்து வயது வரையான உருக்கள் வந்தன, 1995இல் கர்ப்பிணிக்கான உருக்கள். யப்பான் தன் மக்களுக்கெனத் தனி அளவுகளைத் திரட்டியது. 1998இல் சர்வதேச அணுசக்தி முகவரகம், இந்தியாவும் சீனாவும் உட்பட்ட ஆசிய நாடுகளின் உடல் அளவுகளைத் தொகுத்து ஒரு 'மேற்கோள் ஆசிய மனித'னுக்கான தரவை வெளியிட்டது. 2009இல் சமன்பாட்டு மனிதர் ஓய்வு பெற்று, உண்மை ஆட்களின் சீ.ரீ. ஸ்கான்களிலிருந்து செய்த உருக்கள் வந்தன: ஆண் 176 சென்ரி மீற்றர், 73 கிலோ, பெண் 163 சென்ரி மீற்றர், 60 கிலோ. இப்போது கைகளும் தனியாக இருக்கின்றன, பெண்ணுக்கு மார்பகமும் இருக்கிறது.

வீட்டின் வரைபடம் அப்படி. விளக்கு எந்த அறையில் எவ்வளவு நேரம் எரிகிறது என்பது எப்படித் தெரிய வந்தது? ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான். சம்மதித்த தொண்டர்கள், நோயாளிகள், சில வேளை விஞ்ஞானிகள் தாங்களே. ஆனால் சம்மதம் இல்லாமலும் நடந்தது. 1940களின் பிற்பகுதியிலும் 50களின் தொடக்கத்திலும் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் ஃபேர்னால்ட் எண்ட விடுதிப் பாடசாலையில், மனவளர்ச்சி குன்றியவர்கள் எண்டு முத்திரை குத்தப்பட்ட சிறுவர்களை 'விஞ்ஞானக் கழக'த்தில் சேர்த்து, அவர்களின் காலைச் சாப்பாட்டில் கதிரியக்க இரும்பும் கல்சியமும் கலந்து கொடுத்தார்கள். உடம்பு ஊட்டச்சத்தை எப்படி உறிஞ்சுகிறது எண்டு பார்க்கும் ஆய்வு. பெற்றோருக்குப் போன கடிதத்தில் கதிரியக்கம் எண்ட சொல்லே இல்லை. இது வெளியே வந்ததும் டோஸைத் திரும்பக் கணித்துப் பார்த்தார்கள், மிகக் குறைவு. கழகத்தில் இருந்த பிள்ளைகள் வளர்ந்து வழக்குப் போட்டபோது அவர்கள் பேசியது அந்த எண்ணைப் பற்றி இல்லை, தங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதைப் பற்றித்தான். 1995இல் அரசு அமைத்த குழு ஒன்று இப்படிப்பட்ட பல ஆய்வுகளைப் பற்றிய அறிக்கையைக் கொடுத்தது. ஜனாதிபதி கிளின்ரன் மன்னிப்புக் கேட்டார்.

சரி, பெரியம்மாவின் எண்ணுக்கு வருவம். உறுப்புகளுக்குத் தனித்தனியே வரும் கிறே கணக்கை ஒரே எண்ணாகச் சேர்க்க ஒரு வழி வேண்டும். ஜேர்மனியரான ஜக்கோபி 1975இல் அதற்கு ஒரு யோசனை சொன்னார். இரண்டு வருடத்தில் ஆணைக்குழு ஏற்றுக்கொண்டது. புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடிய உறுப்புக்குக் கூடின நிறை, மற்றதற்குக் குறைந்த நிறை, எல்லாவற்றையும் கூட்டினால் சீவேட்டில் ஒரு 'பயனுறு டோஸ்'. அந்த நிறைகளுக்கு அடித்தளமாக இருப்பதில் பெரும் பங்கு ஹிரோசிமா, நாகசாகியில் தப்பியவர்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்த ஆய்வு. கொழும்பில் போட்ட ஒரு ஊசியின் எண்ணுக்குள் அவர்களும் இருக்கிறார்கள்.

ஆணைக்குழுவின் 2015ஆம் ஆண்டு அட்டவணையில், என்பு ஸ்கானுக்கான தெக்னீசியத்துக்கு ஒரு மெகா பெக்கரலுக்கு 0.0049 மில்லி சீவேட் எண்டு இருக்கிறது. 740ஆல் பெருக்கினால் 3.6 மில்லி சீவேட். உலகில் ஒரு சராசரி ஆளுக்கு இயற்கையாகவே வருடத்துக்கு 2.4 மில்லி சீவேட் கிடைக்கிறது. அப்படியெண்டால் ஒன்றரை வருட இயற்கைக் கதிர். சிறுநீர்ப்பைச் சுவருக்கு மட்டும் பார்த்தால் 35 மில்லி கிறே அளவில் வரும், தண்ணி குடித்து அடிக்கடி போகச் சொன்னது அதைக் குறைக்கத்தான்.

ஆனால் 1998ஆம் ஆண்டு அட்டவணையை எடுத்தால் அதே இடத்தில் 0.0057. விடை 4.2 ஆகிவிடும். அதே ஊசி, அதே பெரியம்மா. மாறியது கணக்கின் மாதிரிதான். தனி ஒருவருக்கு எண்டு பார்த்தால் இந்த எண்கள் இரண்டு மடங்கு அங்காலை இங்காலை போகலாம் எண்டு இந்தத் துறையில் இருப்பவர்களே எழுதியிருக்கிறார்கள். தனி ஆளுக்குப் புற்றுநோய் வருமா எண்டு பார்க்கப் பயனுறு டோஸைப் பாவிக்க வேண்டாம் எண்டு ஆணைக்குழுவே சொல்கிறது. ஒரு ஸ்கானை இன்னொரு ஸ்கானோடு ஒப்பிட, சட்ட எல்லை வகுக்க, அதற்குத்தான் அது.

உடம்பு சிறிதானால் எண் எப்படி மாறும் என்பதை அட்டவணையே காட்டுகிறது, பிள்ளைகளுக்கான நிரலில். பெற் ஸ்கானுக்குப் போடும் புளோரின் 18 சேர்ந்த குளுக்கோசுக்கு, வளர்ந்தவருக்கு ஒரு மெகா பெக்கரலுக்கு 0.019 மில்லி சீவேட். ஐந்து வயதுப் பிள்ளைக்கு 0.056. அறைகள் சிறிது, சுவர்கள் கிட்டக் கிட்ட, அதே விளக்கு. அதனால்தான் பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்து ஊசியின் அளவைக் குறைக்க வேண்டும். ஆனால் 'வளர்ந்தவர்' எண்ட நிரல் ஒன்றே ஒன்று. எங்கட அம்மாமார், பெரியம்மாமார் எல்லோரும் அந்த ஒரு நிரலுக்குள்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம், இதை வாசித்துவிட்டு ஒருவரும் வீட்டில் ஸ்கான் வேண்டாம் எண்டு சொல்லிவிடக் கூடாது. பெரியம்மாவின் முதுகு நோவுக்குக் காரணம் பரவல் இல்லை, தேய்மானம் எண்டு அந்த ஸ்கான்தான் சொன்னது. அந்தச் செய்திக்கு 3.6 மில்லி சீவேட் பெரிய விலை இல்லை எண்டுதான் நாங்களும் நினைக்கிறோம், அவவும் நினைக்கிறா.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னோம். மார்பகம் இல்லாத உருவத்தைப் பற்றியும் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சிரித்தா. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெருக்கலைத் தானே ஒருக்காச் செய்து பார்த்தா. விடை சரி எண்டதும், ஸ்கான் அறிக்கை வைத்திருந்த பொலித்தீன் ஃபைலை எடுத்து, அந்தத் துண்டில் '740' என்பதற்குப் பக்கத்தில் '3.6' எண்டு எழுதச் சொன்னா. எழுதினோம்.

"அதுக்குக் கீழ, எழுபது கிலோ ஆளுக்கு எண்டும் எழுது," எண்டா. "நான் நாப்பத்தெட்டு. அதையும் எழுது."